கார்ல் லுட்ஸ் செய்தது கலகமா, அலுவலக வேலையா?

கேள்வி இதுதான்: "1944இல் புடாபெஸ்டில் இருந்த சுவிஸ் தூதரக அதிகாரி கார்ல் லுட்ஸ், ஸ்வீடன் தூதரக அதிகாரி வாலன்பெர்க்கை விட அதிக யூதர்களைக் காப்பாற்றினார் என்கிறார்கள். அப்படியென்றால் அவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை? மேலிடத்தை மீறியதால் வேலை போய்விட்டதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேலை போகவில்லை. 1961 வரை உத்தியோகத்தில் இருந்து, வயது வந்ததும் முறைப்படி ஓய்வு பெற்றார். திட்டு வாங்கினார், பதவி உயர்வில் பின்தங்கினார், மனம் நொந்தார். அவ்வளவுதான். மேலிடத்தை எதிர்த்து ஒற்றை ஆளாக நின்ற கலகக்காரர் என்று இணையத்தில் அவரைப் பற்றி உலவும் சித்திரம் எனக்கு ஒப்புதலாக இல்லை. "சுவிட்சர்லாந்தின் ஷிண்ட்லர்" என்ற பட்டமும் அப்படித்தான் (ஷிண்ட்லர், தன் ஆலையில் யூதர்களுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர்). லுட்ஸ் அடிப்படையில் ஒரு குமாஸ்தா. படிவம், முத்திரை, வரிசை எண், பதிவேடு ஆகியவற்றோடு கால் நூற்றாண்டு பழகியவர். புடாபெஸ்டில் அவர் செய்தது முழுக்க அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. அதனால் 1944ஐ மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துச் சொன்னால் பாதிதான் புரியும். அவருடைய உத்தியோக வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1895 மார்ச் 30 அன்று, சுவிட்சர்லாந்தின் வடகிழக்கு மூலையில், அப்பன்செல் பகுதியிலுள்ள வால்ட்சன்ஹவுசன் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். பெரிய குடும்பம், மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். கல் குவாரி நடத்திய அப்பா, இவருக்குப் பதினான்கு வயதானபோது காசநோயில் இறந்துபோனார். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, மலையடிவாரத்துச் சாங்க்ட் மார்கிரேதனில் ஒரு துணி ஆலையில் தொழில் பழகப் போனார். 1913இல், பதினெட்டு வயதில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இலினாய் மாநிலத்தின் கிரானைட் சிட்டியில் ஐந்து வருடத்துக்கு மேல் ஆலை வேலை. சேர்த்த காசில் மிசௌரியில் ஒரு மெதடிஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். போதகர் ஆகும் எண்ணமும் அப்போது இருந்தது. மேடையேறிப் பேசுவது தனக்கு வராது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார். கூச்ச சுபாவம் கடைசிவரை போகவில்லை.

1920இல் வாஷிங்டனில் உள்ள சுவிஸ் தூதரகத்தில் எழுத்து வேலை கிடைத்தது. பகலில் அலுவலகம், மீதி நேரத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பு. 1924இல் பட்டம் வாங்கினார். பிறகு ஃபிலடெல்ஃபியா, செயின்ட் லூயிஸ் நகரங்களின் சுவிஸ் தூதரக அலுவலகங்களில் வேலை. கடவுச்சீட்டு புதுப்பித்தல், பிறப்புப் பதிவு, வாரிசுச் சான்று, ஊரை விட்டு வந்த சுவிஸ்காரர்களின் வழக்குகள், கடன்கள். அக்காலத்தில் சுவிஸ் வெளியுறவுத் துறையில் மேலே போகிறவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், சட்டம் படித்தவர்கள். இவர் பின்வாசல் வழியாக வந்தவர். வயது நாற்பதை நெருங்கும்போதுதான் வைஸ் கான்சல் (துணைத் தூதரக அதிகாரி) பதவி வந்தது. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பிறகு அவரைத் துறை நடத்திய விதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

செயின்ட் லூயிஸ் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த கெர்ட்ரூட் ஃபான்க்ஹவுசரை 1935 ஜனவரியில் பெர்னில் மணந்தார். அமெரிக்காவுக்கே திரும்பிப் போகலாம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். துறை அவர்களை அனுப்பியது பாலஸ்தீனத்தின் யாஃபாவுக்கு.

அப்போது பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆளுகையில் இருந்தது. அடுத்த ஆண்டே அங்கே கலவரம் வெடித்தது. தெருவில் யூதத் தொழிலாளி ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றதைக் கணவனும் மனைவியும் நேரில் பார்த்தார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், பாலஸ்தீனத்தில் குடியிருந்த சுமார் 2,500 ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவர் என்று அறிவித்து முகாம்களில் அடைத்தது. சரோனா, வில்ஹெல்மா போன்ற ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாக விவசாயம் செய்துவந்த டெம்ப்ளர் என்ற ஜெர்மன் கிறிஸ்தவ சபையார்தான் அவர்களில் பெரும்பகுதி. ஜெர்மன் தூதர் கிளம்பிவிட்ட நிலையில் இந்த மக்களின் பொறுப்பு லுட்ஸ் கைக்கு வந்தது. முகாம்களுக்குப் போய்ப் பார்ப்பது, கடிதம் சேர்ப்பது, சொத்துப் பட்டியல் எடுப்பது, பிரிட்டிஷாரிடம் வாதாடுவது என எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பெர்லின் இதைக் குறித்து வைத்துக்கொண்டது. ஐந்து வருடம் கழித்து, யூதர்களை நாடு கடத்தும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மனின் ஆட்கள் இருந்த ஊரில், ஜெர்மானியர்கள் இவரை முகத்துக்கு நேரே விரட்டாமல் இருக்க இந்தப் பழைய நன்றி ஒரு காரணமாக இருந்தது.

இங்கே "காப்பு நாடு" என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு நாடுகள் போரில் இறங்கினால் தூதரகங்களை மூடிவிடுவார்கள். ஆனால் ஒருவர் நாட்டில் மற்றவரின் குடிமக்கள், கைதிகள், கட்டடங்கள், கோப்புகள் எல்லாம் அப்படியே கிடக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும்படி இரு தரப்பும் ஏற்கிற மூன்றாம் நாடு ஒன்றைக் கேட்டுக்கொள்வார்கள். நமக்குத் தெரிந்த உதாரணம்: 1971 போரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உறவை முறித்துக்கொண்டபோது, 1976 வரை இரு தலைநகரங்களிலும் மற்றவரின் விவகாரங்களைக் கவனித்தது சுவிட்சர்லாந்துதான். இரண்டாம் உலகப் போரின்போது அது 35 நாடுகளுக்காக 200க்கும் மேற்பட்ட இத்தகைய பொறுப்புகளை ஏற்றிருந்தது. வெளியே யாருக்கும் தெரியாத, புகழில்லாத, பட்டியலும் ரசீதுமான வேலை. லுட்ஸ் இதில் கைதேர்ந்தவர் ஆனார். யாஃபாவில் ஜெர்மானியர்களுக்காக, அதன்பின் சிறிது காலம் பெர்லினில் யூகோஸ்லாவிய நலன்களுக்காக, 1942 ஜனவரி முதல் புடாபெஸ்டில்.

புடாபெஸ்டில் அவர் "அந்நிய நலன்கள் பிரிவின்" தலைவர். ஹங்கேரியோடு போரில் இருந்த அமெரிக்கா, பிரிட்டன் உட்பட ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நாடுகளின் பொறுப்பு அவரிடம். சுதந்திரச் சதுக்கத்தில் காலியாகக் கிடந்த அமெரிக்கத் தூதரகக் கட்டடம் அவருடைய அலுவலகம். டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புடாக் குன்றின் மேல் இருந்த பிரிட்டிஷ் தூதரக மாளிகை அவருடைய வீடு. சம்பளம் வைஸ் கான்சலுக்கு உரியது. சுவிஸ் தூதுக்குழுவின் தலைவர் மாக்சிமிலியன் யேகர் என்பவர், இவருக்கு மேலதிகாரி. நேர்மையான மனிதர். லுட்ஸின் கையைப் பிடித்து இழுக்காமல் விட்டதே அவர் செய்த பெரிய உதவி.

பிரிட்டிஷ் நலன்கள் லுட்ஸ் கையில் இருந்தன என்பதில்தான் முழுக் கதையின் முடிச்சும் இருக்கிறது. பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆளுகை. அங்கே குடியேறப் பிரிட்டிஷ் அரசு அனுமதிச் சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழ் பெற்ற ஹங்கேரிய யூதர் பிரிட்டனின் நலனுக்கு உட்பட்டவர். ஆகவே அவரைப் பற்றிப் பேச சுவிஸ் தூதரகத்துக்கு உரிமை உண்டு. யோசித்துப் பார்த்தால் மெல்லிய நூல்தான். ஆனால் சட்டப்படி நிற்கக்கூடிய நூல். யூதர்கள் பாலஸ்தீனத்தில் குடியேற உதவிய புடாபெஸ்டின் பாலஸ்தீன அலுவலகத்தை நடத்திய மோஷே க்ராவுஸ் என்ற சியோனிஸ்ட் (யூத தேசிய இயக்க) செயல்வீரரும் லுட்ஸும் சேர்ந்து 1942, 43இலேயே இந்த வழியில் சிறுவர்களைக் குழுக்குழுவாக ருமேனியா வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது அது ஆபத்தான வேலையே அல்ல. வழக்கமான அலுவல்.

1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. எல்லாம் தலைகீழானது. ஹிட்லரின் பிரதிநிதியாக எட்முண்ட் வேசன்மயர் வந்தார், கூடவே அடால்ஃப் ஐக்மனும் வந்தார். மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரத்தில், ஏறத்தாழ 4,37,000 யூதர்களை ரயிலேற்றினார்கள். பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமுக்கு. ரயிலேற்றியது ஹங்கேரியின் சொந்தப் போலீஸ்படை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐக்மனிடம் இருந்த ஆட்கள் மிகச் சிலர்தான். மாகாணங்கள் முழுக்கத் துடைக்கப்பட்டன. மிச்சம் இருந்தது தலைநகர் மட்டும். ஆஷ்விட்ஸ் பற்றிய அறிக்கையின் சுருக்கத்தை ஜூன் மாதம் க்ராவுஸ் ஒரு ருமேனியத் தூதரக அதிகாரி மூலம் சுவிட்சர்லாந்துக்குக் கடத்தி அனுப்ப, அங்கே பத்திரிகைகள் அதை வெளியிட்டன. பல பக்கத்து நெருக்கடியில் ஹங்கேரியின் ஆட்சித்தலைவர் ஹோர்த்தி ஜூலை 7 அன்று ரயில்களை நிறுத்தினார்.

இந்த மாதங்களில் லுட்ஸ் க்ராவுஸைத் தன் அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே தங்கவைத்துக்கொண்டார். பாலஸ்தீனச் சான்றிதழ்க்காரர்களை வெளியேற விட வேண்டும் என்று ஹங்கேரியர்களிடமும் ஜெர்மானியர்களிடமும் மாறிமாறிப் போய்க் கேட்டார். கடைசியில் சுமார் 8,000 பேருக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது. அவர்களில் யாரும் பாலஸ்தீனம் போய்ச் சேரவில்லை. ஜெர்மானியர்கள் பயணத்துக்கு வழிவிடவே இல்லை. ஆனால் லுட்ஸுக்கு வேண்டியது அந்த எண் மட்டுமே.

அவர் செய்தது இதுதான். "8,000" என்றால் 8,000 ஆட்கள் அல்ல, 8,000 குடும்பங்கள் என்று எடுத்துக்கொண்டார். நம் ஊரில் ஒரு ரேஷன் கார்டு என்றால் ஒரு வீடு என்கிற மாதிரி. அதுவும் போதாதபோது, கடிதங்களுக்கு 1 முதல் 8,000 வரை எண் போட்டு முடித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் எண் 8,000ஐத் தாண்டாது. தெருவில் நிறுத்திப் பார்க்கும் காவலனுக்கு, ஒரே எண்ணில் வேறு பல கடிதங்கள் ஊரில் திரிகின்றன என்று தெரிய வாய்ப்பில்லை. இதை ஒரு வீரச்செயல் என்று சொல்வதைவிட, எந்த அதிகாரி எதைச் சரிபார்ப்பான், எதைச் சரிபார்க்க மாட்டான் என்று இருபத்து நான்கு வருட மேசை வேலையில் கற்ற பாடம் என்று சொல்லலாம்.

அந்தக் கடிதத்தின் படங்களை இணையத்தில் பார்க்கலாம். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு தாள், மேலே சுவிஸ் தூதரகம், அந்நிய நலன்கள் பிரிவு என்ற தலைப்பு, ஒரு பாதி ஜெர்மனில், மறுபாதி ஹங்கேரியனில், தட்டச்சில் பெயர், உருண்டை முத்திரை. வாசகம் இரண்டே இரண்டு விஷயம் சொல்கிறது. இன்னார் குடிபெயர்வதற்கான சுவிஸ் கூட்டுக் கடவுச்சீட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறார். ஆகவே அவரைச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வைத்திருப்பவராகக் கருத வேண்டும். அந்த "ஆகவே"யில்தான் எல்லாம் தொங்குகிறது. அவரிடம் கடவுச்சீட்டு கிடையாது. ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறது, அந்தப் பட்டியல் ஒரு கடவுச்சீட்டு, எனவே பெயர் உள்ளவரிடமும் கடவுச்சீட்டு இருப்பதாகக் கொள்ள வேண்டும். அவருக்குச் சுவிஸ் குடியுரிமை உண்டு என்று கடிதம் எங்கேயும் சொல்லவில்லை. பொய் ஒரு வரியும் இல்லை. பின்னால் வந்த ஸ்வீடன் கடவுத்தாள் நீலமும் மஞ்சளுமாக, மூன்று கிரீடச் சின்னத்தோடு, படாடோபமாக இருந்தது. லுட்ஸின் கடிதத்தில் இருந்தது வெறும் அலுவலக மொழி.

ஜூலை 24 அன்று வடாஸ் தெரு 29ஆம் எண் கட்டடத்தில் "சுவிஸ் தூதரகத்தின் குடிபெயர்வுப் பிரிவு" என்று பலகை மாட்டினார்கள். ஆர்தர் வைஸ் என்ற கண்ணாடி வியாபாரியின் கடையும் கிடங்கும் அது. சுவர்களிலெல்லாம் வகைவகையான கண்ணாடி மாதிரிகள் பதித்திருந்ததால் அதற்குக் "கண்ணாடி வீடு" என்று பெயர். தெருவில் கடிதத்துக்காக வரிசை வளைந்து நிற்கும். லுட்ஸ் நல்ல புகைப்படக்காரர். அந்த வரிசையை அவரே எடுத்த படங்கள் இருக்கின்றன. அலுவலகம் என்று தொடங்கிய இடம் மெல்ல மெல்லத் தங்குமிடம் ஆனது. கடைசி மாதங்களில் ஏறத்தாழ 3,000 பேர் மாடியிலும் நிலவறையிலும் நெருக்கியடித்து இருந்தார்கள். சியோனிஸ்ட் இளைஞர் இயக்கத்தினர் அங்கிருந்தபடியே லுட்ஸின் கடிதத்தை ஆயிரக்கணக்கில் கள்ளமாக அச்சடித்து விநியோகித்தார்கள். நகரத்தில் 76 வீடுகள் சுவிஸ் பாதுகாப்பில் இருந்ததாகக் கணக்கு. பெரும்பாலும் டான்யூப் கரையோரம், பொழோனி தெரு, செயின்ட் ஸ்டீபன் பூங்கா பக்கம். இன்று போனாலும் அந்தக் குடியிருப்புக் கட்டடங்கள் நிற்கின்றன, சாதாரணமாக மக்கள் குடியிருக்கிறார்கள். எல் சால்வடோர் நாட்டின் குடியுரிமைச் சான்றுகளும் ஜெனீவாவிலிருந்து மூட்டையாக வந்தன. அந்த நாட்டின் நலன்களும் சுவிஸ் பொறுப்பில் இருந்ததால் அவற்றுக்கும் லுட்ஸே காவல்.

அக்டோபர் 15. ஹோர்த்தி ரஷ்யாவோடு சமாதானம் பேச முயல, ஜெர்மானியர்கள் அவரை இறக்கிவிட்டு ஹங்கேரியின் நாஜிக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியின் ஃபெரென்ட்ஸ் சாலஷியை உட்காரவைத்தார்கள். அதுவரை எதிரே இருந்தது ஓர் அரசாங்கம். எவ்வளவு கொடியதாக இருந்தாலும் காகிதத்தை மதிக்கிற அரசாங்கம். இனிமேல் எதிரே இருந்தவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்ட பதின்பருவத்துப் பையன்கள். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆளைச் சுடுவார்கள். ஆனாலும் சாலஷி அரசுக்கு ஓர் ஆசை இருந்தது. நடுநிலை நாடுகள் தன்னை அங்கீகரிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து அங்கீகரிக்கவும் இல்லை, முழுக்க மறுக்கவும் இல்லை. யேகர் நவம்பரில் நாடு திரும்பினார். லுட்ஸ் இருந்தார். அங்கீகாரம் வரக்கூடும் என்ற நப்பாசையைத் தொங்கவிட்டபடியே நாள்களைக் கடத்தினார்கள்.

நவம்பரில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் மிகக் கொடிய நாள்கள் என்று நினைக்கிறேன். யூதர்களை ஓபுடாவின் செங்கல் சூளைக்குக் கூட்டிச் சென்று, அங்கிருந்து ஆஸ்திரிய எல்லைக்குக் கால்நடையாக ஓட்டினார்கள். கள்ளக் கடிதங்கள் மிகுதியாகிவிட்டன, எல்லாவற்றையும் ரத்து செய்வோம் என்று அரசு மிரட்டியது. ரத்தைத் தவிர்க்க வேண்டுமானால் லுட்ஸே வந்து அசலையும் போலியையும் பிரித்துக் காட்ட வேண்டும். அவரும் கெர்ட்ரூட்டும் சூளை மைதானத்தில், குளிரில், மணிக்கணக்கில் நின்று தாள்களைப் பார்த்தார்கள். அசல் வைத்திருப்பவர் ஊருக்குத் திரும்பலாம். போலி வைத்திருப்பவர் நடக்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் எந்தக் கடிதம் எதுவென்று அறியாமல் நம்பிக்கையோடு நீட்டினார்கள். படிவ ஞானத்தால் ஆயிரம் ஆயிரமாகக் காப்பாற்றிய மனிதர், அதே ஞானத்தால் சிலரை மரணத்தின் பக்கம் ஒதுக்க வேண்டி வந்தது. அவரைத் துதிபாடும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. லுட்ஸ் தாண்டவில்லை. கடைசிவரை இதைப் பற்றிப் பேசினார்.

டான்யூப் கரையில் நடந்த சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். கட்சிக்காரர்கள் கரையில் நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளிய ஒரு பெண்ணை, கோட்டுச் சட்டையோடு குதித்து இழுத்து வந்து, துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் "இவர் சுவிஸ் பாதுகாப்பில் இருப்பவர்" என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கரைச்சாலையின் ஒரு பகுதிக்கு இன்று அவர் பெயர். மேடையேறப் பயந்து போதகர் ஆகாமல் போன அதே ஆள்தான் இவர்.

இனி வாலன்பெர்க். அவர் புடாபெஸ்டில் இறங்கியது 1944 ஜூலை 9. ரயில்கள் நின்று இரண்டு நாள் கழித்து. லுட்ஸ் அதற்கு முன்பே இரண்டரை வருடமாக அங்கே இருந்தார். பாதுகாப்புக் கடிதம் என்ற முறையை வாலன்பெர்க் லுட்ஸிடம் கேட்டறிந்தார். அதற்காக வாலன்பெர்க்கைக் குறைத்துப் பேசுவது அபத்தம். இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். வத்திக்கான் தூதர் ஆஞ்செலோ ரோட்டாவும், செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாக இருந்த இன்னொரு சுவிஸ்காரர் ஃப்ரீட்ரிஷ் போர்னும் அதே வலையின் கண்ணிகள். ஆனால் வாலன்பெர்க்குக்கு வயது முப்பத்தொன்று, பேர்பெற்ற வங்கிக் குடும்பம், பின்னால் அமெரிக்கப் பணம், முடிவில் சோவியத் படை கைதுசெய்து மாயமாக்கிய மர்மம். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவுக்கு அவரை நினைவுகூர எல்லாக் காரணமும் இருந்தது. 1981இல் கௌரவக் குடியுரிமையே கொடுத்தார்கள். லுட்ஸோ நாற்பத்தொன்பது வயதில், மூக்குக்கண்ணாடியோடு, போர் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் சோவியத் செஞ்சேனை நகரைச் சுற்றி வளைத்தது. லுட்ஸ் புடாப் பக்கம் மாட்டிக்கொண்டார். பிரிட்டிஷ் மாளிகையின் நிலவறையில் மனைவியோடும், அடைக்கலம் தேடி வந்திருந்த பலரோடும் வாரக்கணக்கில் குண்டு மழைக்கு அடியில் இருந்தார். மேலே மாளிகை இடிந்து விழுந்தது. ஆற்றுக்கு எதிர்ப்புறம் பெஸ்ட் பகுதியில் அவர் சார்பாகப் பேட்டர் ட்சூர்கர் என்ற வழக்கறிஞரும் எர்ன்ஸ்ட் ஃபோன்ரூஃப்ஸும் நின்று வீடுகளைக் காத்தார்கள். இவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகவும் இரத்தக் களரியான அந்த வாரங்களில் லுட்ஸ் அந்தக் கரையில் இல்லை. டிசம்பர் 31 அன்று கண்ணாடி வீட்டைக் கட்சிக்காரர்கள் தாக்கினார்கள். மறுநாள் ஆர்தர் வைஸைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் போனார்கள். அவர் திரும்பவே இல்லை. பெஸ்ட் ஜனவரி நடுவிலும், புடா 1945 பிப்ரவரி 13 அன்றும் ரஷ்யர் கைக்கு வந்தன. யேகருக்குப் பின் தூதரகப் பொறுப்பில் இருந்த ஹரால்ட் ஃபெல்லரை சோவியத் படை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் ஒரு வருடம் அடைத்து வைத்தது. லுட்ஸைப் பிடிக்கவில்லை. நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். இஸ்தான்புல் வழியாகச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தார்.

எல்லையில் சுங்க அதிகாரி "அறிவிக்க வேண்டிய பொருள் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். தாய்நாடு தன்னிடம் கேட்டது அந்த ஒன்றை மட்டும்தான் என்று லுட்ஸ் பின்னாளில் கசப்போடு சொல்வாராம். வெளியுறவுத் துறை வரவேற்கவில்லை. புடாபெஸ்ட் தூதரக விவகாரங்கள் பற்றி விசாரணை நடந்தது. அதிகார எல்லையைத் தாண்டிவிட்டார் என்று கண்டித்தார்கள்.

இதில் துறையின் பக்கமும் ஒன்று உண்டு, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். காப்பு நாடு என்ற வேலை முழுக்க நம்பிக்கையின் மேல் நிற்பது. சுவிஸ் முத்திரை வைத்த தாள் சொன்னபடி இருக்கும் என்று எதிரிகள் இருவரும் நம்ப வேண்டும். எட்டாயிரம் என்று ஒப்புக்கொண்டு பல மடங்கு கொடுத்தால், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்த நேச நாட்டுக் கைதிகளுக்காகப் பேசுகிற மற்ற சுவிஸ் அதிகாரிகளின் பேச்சு எடுபடாமல் போகலாம். இந்த வாதத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் 1945 மே மாதத்துக்குப் பிறகும் அதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊழியரிடம் முகம் திருப்பியதற்கு அது காரணம் ஆகாது.

உண்மையான காரணம் வேறு. 1938இல் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில், யூதர் என்று அடையாளம் காட்ட, "ஜே" முத்திரை குத்தும் ஏற்பாட்டில் சுவிஸ் அரசுக்குப் பங்கு உண்டு. 1942 ஆகஸ்டில் எல்லையை அகதிகளுக்கு மூடினார்கள். "படகு நிறைந்துவிட்டது" என்ற பேச்சு அப்போது பிறந்ததுதான். லுட்ஸுக்கு மாலை போட்டால், அவரால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி உடனே எழும். சாங்க்ட் காலன் மாநிலத்தின் போலீஸ் தலைவர் பவுல் க்ரூனிங்கருக்கு நடந்ததைப் பாருங்கள். அகதிகளை உள்ளே விட நுழைவுத் தேதியை முன்தேதியிட்டுத் திருத்தினார் என்பதற்காக 1939இல் வேலையிலிருந்து நீக்கி, 1940இல் நீதிமன்றத்தில் தண்டித்தார்கள். 1972இல் வறுமையில் இறந்தார். தீர்ப்பை மாற்றியது 1995இல். லுட்ஸின் சொந்த ஊருக்கு அண்டை மாநிலத்துக் கதை இது. இரண்டு பேரும் செய்தது காகிதத் திருத்தம்தான். ஒருவர் உள்நாட்டில் செய்ததால் தண்டிக்கப்பட்டார், மற்றவர் வெளிநாட்டில் செய்ததால் கண்டிப்போடு தப்பினார்.

போருக்குப் பிந்தைய உத்தியோகம் சுருக்கமானது. 1946இல் கெர்ட்ரூட்டிடமிருந்து விவாகரத்து. 1949இல், நிலவறையில் மகளோடு அடைக்கலம் இருந்த மாக்டா சாணியை மணந்தார். அந்தச் சிறுமி ஆக்னஸ் பின்னாளில் பத்திரிகையாளராகி, வளர்ப்புத் தந்தையின் பெயரைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். 1954இல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் கான்சல் பதவி. வால்ட்சன்ஹவுசன் குன்றிலிருந்து பார்த்தால் போடன் ஏரிக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஊர் அது. வாஷிங்டன், யாஃபா, பெர்லின், புடாபெஸ்ட் என்று சுற்றியவருக்குக் கடைசி நியமனம், பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் எல்லைப்புறச் சிற்றூர். தூதர் பதவி கிடைக்கவே இல்லை. 1964இல் யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனம் யாத் வஷெம் "உலக மக்களில் நேர்மையாளர்" பட்டத்தை அவருக்கு அளித்தது. சுவிஸ் நாட்டவரில் அதைப் பெற்ற முதல் ஆள். 1975 பிப்ரவரியில் பெர்னில் காலமானார். பிந்தைய ஆண்டுகளில் தன் கதையைப் பத்திரிகைகளுக்கும் பிரமுகர்களுக்கும் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். அங்கீகாரத்துக்கு அலைந்தார் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

சிலை, பெயர்ப்பலகை எல்லாம் இறப்புக்குப் பின். புடாபெஸ்டில் பழைய கெட்டோவின் (யூதர்களை அடைத்து வைத்த பகுதியின்) வாசலருகே 1991இல் நினைவுச்சின்னம். 1999இல் சுவிஸ் தபால் தலை. 2018 பிப்ரவரியில் பெர்னில் கூட்டாட்சி அரசின் மாளிகையில், வெளியுறவுத் துறையின் கூட்ட அறை ஒன்றுக்குக் "கார்ல் லுட்ஸ் அறை" என்று பெயர் வைத்தார்கள்.

எத்தனை பேர் என்ற கணக்குக்கு வருவோம். 62,000 என்ற எண்தான் எல்லா இடத்திலும் வரும். அதை அப்படியே ஒரு மனிதரின் கணக்கில் எழுதுவது சரியல்ல என்பது என் கருத்து. அசல் கடிதம் வாங்கியவர், கள்ளக் கடிதம் வைத்திருந்தவர், பாதுகாப்பு வீட்டில் இருந்தவர், கெட்டோவில் தப்பியவர் என்று பலரும் அதில் கலந்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று நாடுகளின் காகிதங்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எந்தத் தாள் எந்த உயிரைக் காத்தது என்று பிரிக்க வழியில்லை. போர் முடிந்தபோது புடாபெஸ்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் உயிரோடு இருந்தார்கள். அதில் பல பத்தாயிரம் பேரின் கையில் லுட்ஸின் கடிதமோ அதன் நகலோ இருந்தது. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. வாலன்பெர்க்கா லுட்ஸா என்று மதிப்பெண் போடும் ஆட்டத்தை நான் ஆட மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். புகழில் விடுபட்டவர் லுட்ஸ் என்றால், அந்தக் கதையிலேயே இன்னும் அதிகமாக விடுபட்டவர் கெர்ட்ரூட். நிலவறையில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு தேடியதும், நோயாளிகளைக் கவனித்ததும், செங்கல் சூளையில் பக்கத்தில் நின்றதும் அவர். விவாகரத்துக்குப் பிறகு போரால் சிதைந்த நாடுகளில் சுவிஸ் நிவாரணப் பணியில் சேர்ந்தார். பிறகு யுனிசெஃபில் நுழைந்து பிரேசில், துருக்கி என்று பல ஆண்டுகள் குழந்தைகள் நலத் திட்டங்களை நடத்தினார். உத்தியோகத்தில் கணவர் எட்டாத உயரத்துக்குப் போனவர். யாத் வஷெம் பட்டம் அவருக்கு வந்தது 1978இல், கணவருக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. லுட்ஸைப் பற்றி மேலும் தேடப் போகிறீர்கள் என்றால் கெர்ட்ரூட் லுட்ஸ்-ஃபான்க்ஹவுசர் என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.